டோக்கியோவில் சித்தப்பாவும் நானும்: நான்கு நாள் குறிப்புகள்

முதல் நாள்

மே மாதம் சித்தப்பா பணி ஓய்வு பெற்றார். மானாமதுரைப் பக்கம் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியர். ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, பி.டி. சார் என்றால்தான் தெரியும். எனக்கும் கபடி சொல்லிக்கொடுத்தது அவர்தான். "வேலைக்குப் போனதுலேர்ந்து உங்களுக்குன்னு எதுவும் செய்யல சித்தப்பா, எங்க போகணும்னு சொல்லுங்க" என்று கேட்டேன். திருப்பதி, காசி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். "சூமோ பாக்கணும்டா தம்பி" என்றார், ஜப்பானியர்களின் மல்யுத்தம். பள்ளியில் புதிதாக டிவி வந்த காலத்தில் ஏதோ ஒரு சேனலில் பத்து நிமிடம் பார்த்தாராம். அதில் அவர் பார்த்தது உடம்பை இல்லை, பாதத்தை. "அவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு பாதம் தரையை விட்டு எழும்பாம வழுக்கிட்டே போகுது பாரு, அதை நேர்ல பாக்கணும்" என்றார்.

சூமோவின் பெரிய போட்டிகள் வருடத்துக்கு ஆறு. ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பர் மூன்றும் டோக்கியோவில். மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. எங்களுக்கு செப்டம்பர் ஒத்து வந்தது. சித்திக்கு முழங்கால் வலி. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, எனக்கு ஒரு நல்ல கத்தி வாங்கிட்டு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

நுழைவுச்சீட்டில் ஒரு தவறு செய்துவிட்டேன், மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது அதிகாரபூர்வ விற்பனை தொடங்கும். நான் அதற்கு முன்பே பதற்றப்பட்டு, வாங்கி விற்கும் ஓர் இணையதளத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்துவிட்டேன். அதே மேல்மாடி நாற்காலிகள் பிறகு சாதாரண விலைக்கே கிடைத்தன. வார நாளாக இருந்தால் பொறுமையாக இருங்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக இன்று காலை ஹனேடாவில் இறங்கினோம். அறை அசகுசபாஷி என்ற இடத்தில். விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் ஒரே ரயில். இந்தப் பேட்டையை எடுத்ததற்குக் காரணம் மஞ்சள் கோடு போட்ட சோபு ரயில். கிழக்கே சுமிதா ஆற்றைத் தாண்டி ஒரே நிறுத்தத்தில் சூமோ அரங்கம். மேற்கே போனால் பேஸ்பால் மைதானம், அதற்கும் அப்பால் ஷின்ஜுகு. எங்கள் நான்கு நாளும் அந்த ஒரு கோட்டிலேயே அடங்கிவிடும்.

சாப்பாட்டில் இன்று எனக்கு வருத்தம். சித்தப்பா கோழி, மீன் சாப்பிடுவார். பன்றி, மாடு தொடமாட்டார். மதியம் ஒரு நூடுல்ஸ் கடை வாசலில் இருந்த இயந்திரத்தில் கோழிப் படம் போட்ட பொத்தானை அழுத்திச் சீட்டு எடுத்தோம். மேலே வைத்தது கோழிதான், ஆனால் அடியில் இருந்த சாறு பன்றி எலும்பில் கொதித்தது. பாதியில்தான் தெரிந்தது. "தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றது, விடுறா" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கேட்டிருக்க வேண்டியது நான். ராத்திரி அறைக்கு எதிரே இருந்த சிறுகடையில் ஒனிகிரி வாங்கினோம். முக்கோணமாகப் பிடித்த சோற்றுருண்டை, உள்ளே சால்மன் மீன், சுற்றிலும் கடற்பாசித் தாள். உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது. அந்த வரிசையில் பிரித்தால் பாசி நமுக்காமல் கடைசி நிமிடத்தில் சோற்றில் ஒட்டுகிறது. சித்தப்பா உப்பில் ஊறிய உமே பழம் வைத்ததைத் தேர்ந்தெடுத்தார். "நம்ம கட்டுச்சோறும் ஊறுகாயும்தான்டா" என்று இன்னும் ஒன்று கேட்டு வாங்கினார். இங்கே 100 யென் ஏறக்குறைய 60 ரூபாய். ஒனிகிரி ஒன்று 200 யென்னுக்குள் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் நாள்

காலை எட்டு மணிக்கெல்லாம் ரியோகோகு நிலையத்தில் இறங்கிவிட்டோம். வெளியே வந்ததும் அரங்கம்தான். கொகுகிகான் என்று பெயர். இப்போதிருக்கும் கட்டடம் 1985-இல் திறந்தது, 11,000 பேர் உட்காரலாம். வாசலில் வீரர்களின் பெயர் எழுதிய நீளமான வண்ணக்கொடிகள். உயரமான சாரம் ஒன்று கட்டி, அதன் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் இருக்கிறது, வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடும் மேளம். சித்தப்பா கொஞ்ச நேரம் நகரவில்லை. எங்கள் ஊர்ப் பொட்டலில் கபடி நடக்கும் நாளில் தப்பு அடித்துத்தான் ஆள் கூட்டுவார்கள்.

இணையத்தில் எங்கே தேடினாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் போதும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பெரிய வீரர்கள் வருவது அப்போதுதான். "சின்னப் பசங்க எப்ப ஆடுவாங்க?" என்று நேற்றே கேட்டார் சித்தப்பா. எட்டரை வாக்கில் என்றேன். "அப்ப எட்டரைக்குப் போயிருவோம்." அவர் சொன்னதைக் கேட்டதற்கு இப்போது எவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்று சொல்லி முடியாது.

உள்ளே மொத்தம் நூறு பேர் இருந்தால் அதிகம். நடுவில் களிமண் மேடை, அதன் மேல் வைக்கோல் உருளைகளைப் பாதி புதைத்துப் போட்ட வட்டம். குறுக்களவு 4.55 மீட்டர், அவ்வளவுதான். கபடிக் களத்தில் பாதி கூட வராது. மேலே கோயில் விமானம் மாதிரி ஒரு கூரை, தூண் இல்லாமல் கம்பியில் தொங்குகிறது. ஒவ்வொரு போட்டிக்கும் இந்த மேடையைப் புதிதாக, கையாலேயே அடித்துக் கட்டுகிறார்கள். நடுவில் குழி தோண்டி உப்பு, அரிசி, காய்ந்த கணவாய் எல்லாம் வைத்துப் பூசை செய்து மூடுகிறார்கள். கட்டுகிறவர்கள் கூலியாட்கள் இல்லை. விசிறியைப் பிடித்துக்கொண்டு வீரர்களின் பெயரை ராகம் போட்டுக் கூப்பிடுகிறார்களே, அந்த அழைப்பாளர்கள்தான்.

சூமோவில் ஆறு படி. கீழ்ப்படிக்கு ஜோனோகுச்சி என்று பெயர். மொத்தம் ஏறக்குறைய அறுநூறு வீரர்கள் இருந்தாலும், மேல் இரண்டு படிகளில் இருக்கும் எழுபது பேருக்குத்தான் மாதச் சம்பளம். மற்றவர்களுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் உண்டு, சமையலும் துடைப்பமும் அவர்கள் தலையில். மேலே இருப்பவர்கள் 15 நாளும் ஆட, இவர்களுக்கு ஏழே ஆட்டம். இடுப்புக் கச்சை கூடப் பருத்திதான், கறுப்பு. வண்ணப் பட்டுக் கச்சை மேல் இரண்டு படிக்கு மட்டும். உப்பைத் தூவி இறங்குவதும் பொதுவாக அவர்கள்தான். அதிகாலை நடுவர்கள் வெறுங்கால், பாவாடை போன்ற உடையை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தார்கள். நடுவருக்கும் படிப்படியாகத்தான் உயர்வு.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக அங்கே எதுவும் குறையவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விசிறி விரித்து, முழு ராகத்தில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இன்னொருவர் வந்து வட்டத்துக்கு வெளியே இருக்கும் மெல்லிய மணலைப் பெருக்கிச் சமப்படுத்துகிறார். கால் விரல் வெளியே பட்டாலே தோல்வி, தடம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த மணல். கறுப்பு உடை போட்ட தீர்ப்பாளர்கள் ஐந்து பேர் சுற்றிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காக? காலி நாற்காலிகளுக்காக. சித்தப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஜோனல் மேட்ச்சுக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு சுண்ணாம்புக் கோடு போடுவேன். ஒருத்தனும் வர மாட்டான். கோடு மட்டும் நேரா இருக்கணும்" என்றார். அந்தக் கோடுகளில் நான் ஓடியிருக்கிறேன். அவை எப்போதும் நேராகத்தான் இருந்தன.

ஒன்பது மணிக்கு மேல் ஒரு பையன் ஏறினான். பதினாறு, பதினேழு வயது இருக்கலாம். நம் ஊர்க் கபடிப் பையன் மாதிரி ஒல்லி. எதிரே அவனைப் போல இரண்டு மடங்கு ஆள். சூமோவில் எடைப் பிரிவு கிடையாது, வரிசையில் யார் எதிரே வருகிறாரோ அவரோடு மோத வேண்டியதுதான். இரண்டு பேரும் குந்தி, கை முஷ்டியைத் தரையில் ஊன்றினார்கள். மோதிய சத்தம் மேல்மாடிக்குக் கேட்டது. பையன் ஒரே தள்ளில் வைக்கோல் ஓரத்துக்கு வந்துவிட்டான். குதிகால் உருளையில் முட்டி நிற்கிறது. அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். "இரு இரு, இடுப்பு கீழே இருக்கு" என்றார் சித்தப்பா. அந்த நொடியில் பையனின் இடது கை எதிராளியின் கச்சையைப் பிடித்திருந்தது. உடம்பைத் திருப்பி வழி விட்டான். பெரியவர் தன் வேகத்திலேயே வெளியே போய் விழுந்தார். மொத்தமும் பத்து வினாடி வராது. சித்தப்பா எழுந்து நின்று கை தட்டினார். அந்தப் பகுதியில் அவர் ஒருவர்தான். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. விழுந்தவர் மேடையேறி வந்ததும் இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். நுழையும்போது கொடுத்த அன்றைய ஆட்டப் பட்டியலில் அந்த வரியை நான் பேனாவால் சுழித்து வைத்தேன்.

மதியம் கீழ்த்தளத்தில் சாங்கோ விற்றார்கள். சில நூறு யென்னுக்கு ஒரு கிண்ணம். சூமோ வீரர்கள் தினமும் சாப்பிடும் பெருஞ்சட்டிக் குழம்பு. கோழி, முட்டைக்கோஸ், கேரட், டோஃபு எல்லாம் கிடந்தன. போட்டி நாட்களில் கோழிதான் ராசி என்கிறார்கள். கோழி இரண்டு காலில் நிற்கும். மாடும் பன்றியும் நான்கு காலில் நிற்கும், சூமோவில் மோதும்போது கை தரையில் பட்டால் தோல்வி. சித்தப்பாவுக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடித்துவிட்டது, நேற்றுப் போன மனநிறைவு இன்று திரும்ப வந்தது. கோழிக் கம்பி யாகிதோரியும் இங்கே பேர் போனது, அரங்கத்தின் அடியிலேயே சமைக்கிறார்கள். ஆறின பிறகு சாப்பிடுவதற்கென்றே செய்தது. இனிப்பும் உப்பும் கலந்த சாறு எலும்பு வரை, இல்லை, குச்சி வரை இறங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பெட்டி வாங்கினோம்.

மூன்றே முக்காலுக்கு மேல் அரங்கம் நிறைந்துவிட்டது. கீழே சதுரச் சதுரமாகப் பிரித்த இடங்களில் மெத்தை போட்டு நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், பேர் சொல்லிக் கத்துகிறார்கள். உச்சிப் படி வீரர்கள் பூவேலை செய்த முன்தானைகளோடு ஊர்வலமாக ஏறி இறங்கினார்கள். அதற்குப் பிறகு யொகோசுனா என்ற மிக உயர்ந்த பட்டம் பெற்ற இருவரும் தனித்தனியாக. ஹோஷோர்யூ மங்கோலியாவிலிருந்து வந்தவர், முன்னாள் யொகோசுனா அசஷோர்யூவின் அண்ணன் மகன். ஒனோசாதோ இஷிகாவா மாநிலத்துக்காரர், பதின்மூன்றே போட்டிகளில் உச்சிக்கு வந்தவர். இடுப்பில் வெள்ளை வடம் கட்டி, ஒரு காலை வானத்துக்குத் தூக்கி ஓங்கி மிதித்தபோது பதினோராயிரம் பேரும் ஒரே குரலில் கூவினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதே சமயம் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மேடையில் பெண்கள் ஏறக் கூடாது. 2018-இல் ஜப்பானின் மைசுரு என்ற ஊரில் மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்யப் பெண்கள் ஓடி ஏறியபோது, இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் விதி மாறவில்லை. இன்று கூட்டத்தில் பாதி பெண்கள், அவ்வளவு ஆசையோடு பார்க்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கபடி அணி கட்டுவதற்காகத் தலைமையாசிரியரோடும் ஊர்க்காரர்களோடும் மல்லுக்கட்டியவர் சித்தப்பா. அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஆறு மணிக்குள் கடைசி ஆட்டம் முடிந்து, ஒருவர் வில்லைச் சுழற்றி ஆடினார். வெளியே மறுபடியும் மேளம், இந்த முறை போய் வாருங்கள் என்று. நிலையத்தில் பருத்திக் கிமோனோவும் மரச்செருப்புமாக இளம் வீரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் தலையில் தடவும் மெழுகு எண்ணெயின் இனிப்பு வாசம் நடைமேடை முழுக்க இருந்தது. ஒல்லிப் பையன் அதில் இருக்கிறானா என்று சித்தப்பா தேடினார். கொண்டையும் கிமோனோவுமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

மூன்றாம் நாள்

இன்று கத்தி நாள். அசகுசபாஷியிலிருந்து நடந்தே கப்பாபாஷிக்குப் போனோம். உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் 800 மீட்டர் நீளத் தெரு, இருபுறமும் ஓட்டல்காரர்களுக்கான கடைகள். சட்டி, அகப்பை, கிண்ணம், வாசலில் தொங்கவிடும் துணி, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் சாப்பாடு. பொருள் வாங்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, கின்சா பக்கம் பெரிய கடைகளைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தால், அதை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் இல்லை இது, நாளைக்கே அடுப்பில் ஏறும் பொருள்.

மானாமதுரைக்குப் பக்கத்தில்தான் திருப்பாச்சேத்தி. அந்த ஊர் அரிவாள் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றது. சின்ன வயதில் சித்தப்பா பட்டறைத் துருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அதனால் கத்திக் கடையில் அவருக்கு மொழியே தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக வாங்கி, நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார், கத்தி வாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். இவர் பார்க்கும் விதத்தைக் கவனித்துவிட்டு, உள்ளே போய் வேறு கத்திகளை எடுத்து வந்தார். மென்மையான இரும்புக்குள் கடின எஃகை வைத்து அடித்தது. ஓரத்தில் அலையலையாக ஒரு கோடு தெரிகிறது, இரண்டும் சேரும் இடம். "நம்ம ஊர்லயும் எஃகை வச்சுத்தான் அடிப்பாங்க, காய்ச்சித் தண்ணியில முக்குற பதத்துலதான் எல்லாம் இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். கடைக்காரர் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் கைபேசியில் மொழிபெயர்க்கப் போனேன், சித்தப்பா கையமர்த்தினார்.

சாந்தொகு வகை எடுத்தோம். இறைச்சி, மீன், காய் மூன்றுக்கும் ஏற்றது என்பதால் அந்தப் பெயர். துரு ஏறும் எஃகு வேண்டாம், சித்தி ஈரக்கையோடு வைத்துவிடுவார், சாணைக்கல் பிடிக்கவும் நேரம் இருக்காது என்று யோசித்து, வெளிப்புறம் துருப்பிடிக்காததைக் கேட்டோம். பெயர் பொறித்துத் தருகிறேன் என்றார். "சரஸ்வதி" என்றேன். எழுதிக் காட்டியதும் ஒரு நிமிடம் யோசித்து, முகம் மலர்ந்து "பென்சைதென்" என்றார். ஜப்பானில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருத்தி. நம் சரஸ்வதிதான் புத்த மதத்தோடு இங்கே வந்து அந்தப் பெயரில் இருக்கிறாள், கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவி. சிற்றுளியால் தட்டித் தட்டி எழுத்துகளை வெட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் சித்தப்பா கண்ணை எடுக்கவில்லை. பாஸ்போர்ட் காட்டியதால் 10 சதவீத வரி இல்லாமல் கிடைத்தது. கத்தியைக் கைப்பையில் வைக்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள், விமானத்தில் போடும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

அப்புறம் ஒரு பல்பொருள் கடையின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுப் பகுதியைச் சுற்றினோம். பத்தாயிரம் யென்னுக்கு மேல் விலை போட்ட முலாம்பழத்தைப் பார்த்தோம். அழகுதான், ஆனால் பழம் என்றால் கூட்டமாக உட்கார்ந்து அறுத்துச் சாப்பிட வேண்டும், பரிசுப் பெட்டியில் தாலாட்டி வைப்பது என் மனதுக்கு ஒட்டவில்லை. சோறும் சுட்ட கானாங்கெளுத்தியும் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த மீனில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை.

மாலையில் மஞ்சள் கோட்டு ரயிலில் ஷினானோமாச்சி இறங்கி ஜிங்கூ மைதானம். 1926-இல் கட்டிய பேஸ்பால் மைதானம். 1934-இல் அமெரிக்காவின் பேப் ரூத் வந்து ஆடிய இடம். யாக்குல்ட் ஸ்வாலோஸ் அணியின் ஊர். இதை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டப் போகிறார்கள், கூடவே உயரமான கட்டடங்களும். அந்தப் பகுதி மரங்களுக்காக நிறையப் பேர் எதிர்த்தார்கள். இசையமைப்பாளர் ர்யூயிச்சி சகமோதோ 2023-இல் சாகும் தறுவாயில் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் வேலை தொடங்கிவிட்டது. பழைய நாற்காலியும் தாழ்ந்த சுவரும் திறந்த வானமுமாக இருக்கும் இந்த இடத்தைப் போய்விடுவதற்குள் பார்த்ததில் எனக்கு நிம்மதி.

பேஸ்பால் விதிகளை ரயிலில் வரும்போது சித்தப்பாவுக்குச் சொன்னேன், முக்கால்வாசிதான் எனக்கே தெரியும். ஆனால் அங்கே போனதும் ஆட்டத்தைவிடக் கூட்டம்தான் பிடித்துக்கொண்டது. தங்கள் அணி மட்டை பிடிக்கும்போதுதான் ஒரு பக்கத்தார் பாடுகிறார்கள், தாரை ஊதுகிறார்கள், மேளம் அடிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு. எதிரணி மட்டைக்கு வந்ததும் இவர்கள் நிறுத்த, அந்தப் பக்கத்தார் ஆரம்பிக்கிறார்கள். முறை வைத்துக்கொண்டு நடக்கிறது. ஸ்வாலோஸ் ஒரு ஓட்டம் எடுத்ததும் எங்களைச் சுற்றி எல்லோரும் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னக் குடைகளை விரித்து, பழைய திருவிழா நடனப் பாட்டு ஒன்றைப் பாடி, குடையை ஏற்றி இறக்கி ஆடினார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒருவர் தன் பையிலிருந்து இன்னொரு குடையை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தார். அவர் எழுந்து, கோயில் குடை பிடிப்பவர் மாதிரி நேராகத் தூக்கி ஆட்டினார். ஏழாவது இன்னிங்ஸில் ஓட்டம் இல்லாமலே ஒரு தரம் குடை ஆட்டம் உண்டு. அதற்குள் அவருக்குப் பாட்டின் தாளம் கை வந்துவிட்டது.

முதுகில் பீர் பீப்பாய் கட்டிக்கொண்டு இளம்பெண்கள் செங்குத்தான படிகளில் ஏறி இறங்கி விற்கிறார்கள். ஒருமுறைகூட யார் பார்வையையும் மறைப்பதில்லை, குனிந்து ஊற்றுகிறார்கள். சித்தப்பா குடிக்க மாட்டார். வேகவைத்த எடமாமே, உப்புத் தூவிய சோயா மொச்சை, ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றார்.

நான்காம் நாள்

மழை. இரவு விமானம். ஏழரைக்கு எழுப்பி, "மேளத்தை ஒரு தடவை கேட்டுட்டு வருவோமாடா?" என்றார். சாரத்து மேளத்துக்குச் சீட்டு வேண்டாம், தெருவில் நின்றாலே கேட்கும். ரியோகோகு வாசலில் குடை பிடித்து அரை மணி நேரம் நின்றோம். நிலையத்திலிருந்து இளம் வீரர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். கீழ்ப்படிக்காரர்களுக்கு எல்லாப் பருவத்திலும் அந்தப் பருத்தி உடையும் மரச்செருப்பும்தான், ஈரத் தெருவில் டக்டக் என்று சத்தம் கேட்டது. வாசல் பக்கம் பன்சுகே விற்றார்கள். போட்டியில் இருக்கும் அத்தனை பேரின் பெயரையும் படிவாரியாகக் கையால் எழுதி அச்சடித்த பெரிய தாள். எழுதுவது நடுவர்கள். காசு மிகக் குறைவு. சித்தப்பா இரண்டு வாங்கினார், ஒன்று பள்ளிக்கு.

மதியம் ஷின்ஜுகுவில் நகமுராயா. இந்தக் கடைக்கு வந்தது நாவுக்காக மட்டும் இல்லை. 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். ஜப்பான் அரசு நாட்டை விட்டு வெளியேறச் சொன்னபோது, அவரைத் தங்கள் இடத்தில் ஒளித்து வைத்தவர்கள் இந்த ரொட்டிக் கடையை நடத்திய சோமா தம்பதியர். அவர்கள் மகள் தோஷிகோவை 1918-இல் போஸ் மணந்தார். ஏழே வருடத்தில் அந்தப் பெண் இறந்துவிட்டார். 1927-இல் கடையில் உணவகம் திறந்தபோது போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறிதான் பட்டியலில் ஏறியது. இன்றும் இருக்கிறது. பின்னாளில் இந்திய சுதந்திர லீகை நடத்தி, 1943-இல் சிங்கப்பூரில் அதைச் சுபாஷ் சந்திர போஸ் கையில் ஒப்படைத்தவர் இவர்தான். லீகின் கீழ் இருந்த இந்திய தேசிய ராணுவத்தில்தான் (ஐ.என்.ஏ.) மலேயாத் தோட்டங்களிலிருந்து அத்தனை தமிழர்கள் சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் ஐ.என்.ஏ. தாத்தா ஒருவர் இருந்தார். சித்தப்பா படித்த பள்ளியில் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுவது அவர்தானாம். "அந்தத் தாத்தா தோள் எப்படி நிமிர்ந்திருக்கும் தெரியுமா" என்று அணிவகுப்பு நிலையில் உட்கார்ந்து காட்டினார்.

எலும்போடு கோழித் துண்டுகள், தனியே சோறு, பக்கத்தில் ஊறுகாய்கள். நம் குழம்பு அளவு காரம் இல்லை, ஆனால் ஜப்பானில் எல்லா இடத்திலும் கிடைக்கும் கெட்டியான இனிப்புக் கறியும் இல்லை. மசாலா தனித்தனியாகத் தெரிகிறது. சித்தப்பா ஒரு வாய் எடுத்து, நிறுத்தி, மெதுவாகச் சாப்பிட்டார். "வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவன் ஞாபகத்துல வச்சு சமைச்சதுடா இது" என்றார். தட்டில் ஒரு பருக்கை வைக்கவில்லை.

ஹனேடா போகும் வழியில் நூறு யென் கடை ஒன்றைப் பார்த்ததும் நிற்கச் சொன்னார். உள்ளே போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்தார். பன்சுகேயில் மேலே யொகோசுனா பெயர்கள் கட்டை விரல் தடிமனில் இருக்கும், கீழே போகப்போக எழுத்து மெலிந்து, ஜோனோகுச்சி வரிசை முடி மாதிரி ஆகிவிடும். அந்தப் படிக்கே பூதக்கண்ணாடி என்றுதான் செல்லப்பெயர் என்று நேற்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். சித்தப்பா எதிர் இருக்கையில் தாளை மடியில் விரித்து, நான் சுழித்து வைத்த ஆட்டப் பட்டியலைப் பக்கத்தில் பிடித்து, எழுத்தை எழுத்தாகவே ஒப்பிட்டுக்கொண்டு வருகிறார். ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் முக்கால்வாசி தாண்டியதும் கண்ணாடியை அப்படியே நிறுத்தி, "தம்பி, இங்க வா, இவன்தானே?" என்கிறார்.